நீலம் பூசிய கம்பெனிச் சுவர்

கடந்த பொங்கலுக்கு முன் சாம்பியன் ரீப்ஸிலுள்ள எங்கள் லைன் வீட்டைப் புதுப்பித்தோம். முன்சுவருக்கு அடர்நீலம், கதவு நிலைக்கு மாம்பழ மஞ்சள், உள்ளறையின் ஒரு சுவர் முழுவதும் கத்திரிப்பூ நிறம். படங்களை இங்கே பகிர்ந்தபோது நண்பர்கள் சிலர் உண்மையான அக்கறையோடு வருந்தினர். பழைமை வாய்ந்த வரிசை வீட்டின் இயல்பை இந்நிறங்கள் கெடுத்துவிட்டன என்பது அவர்கள் கருத்து. அவர்களுக்குரிய மறுமொழியே இப்பதிவு. அதே வருத்தம் முதலில் எனக்கும் இருந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மரபுச் சின்னங்களைப் பற்றி ஆய்வு செய்பவன் என்ற முறையில், மேற்பூச்சைச் சுரண்டி, பழைய கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வெளிக்கொணர வேண்டும் என்று அம்மாவிடம் வாதிட்டேன். பெங்களூரில் அத்தகைய சுவர்களுக்காகவே உணவகங்கள் பெருஞ்செலவு செய்கின்றன என்றும் எடுத்துரைத்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு இது பாரம்பரியம் கண்ணு. எனக்கு இது கம்பெனி சுவரு. நாப்பது வருசம் அவங்க அடிச்ச வெள்ளையைப் பாத்தாச்சு." அதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை. எனினும் அச்சொற்களின் பொருளை முழுமையாக உணர எனக்குச் சில மாதங்கள் தேவைப்பட்டன.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பகுதியிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளே. 'தட்டி வீடு' என்ற பெயரை எங்கள் பாட்டிமார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தனர். கல்லும் செங்கல்லும் தகரக் கூரையும் பின்னரே படிப்படியாக வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததை நாம் பெருமையோடு எழுதுகிறோம். அது சுரங்க எந்திரங்களுக்காக வந்த மின்சாரம். தொழிலாளர் வரிசைகளுக்கு அவ்வெளிச்சம் எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

தங்கவயலின் மரபு என்று பேசுவோர் பெரும்பாலும் எதைக் குறிப்பிடுகின்றனர்? ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், 'குட்டி இங்கிலாந்து' என்ற செல்லப்பெயர். அண்மைக் காலத்தில் திரைப்படங்களின் பயனாகச் சயனைடு மேடுகளும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளன. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பாறை குடைந்தவர்கள் மேலே வந்து படுத்துறங்கிய அறைகள் அதில் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழுக்கு இங்கே உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. அவர் 1914இல் மறைந்த பின், அவ்விதழ் இம்மண்ணிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அவ்வாசகர்களில் பலர் இவ்வரிசைகளில் வாழ்ந்தவர்கள். அப்படியிருக்க, இவற்றின் மதிப்பைச் சுவரின் பழைய பூச்சில் மட்டும் தேடுவது எவ்வளவு குறுகிய பார்வை!

கம்பெனி மனிதர்களையும் வீடுகளையும் ஒரே வகையில் நடத்தியது; இரண்டுக்கும் எண் இட்டது. கைரேகை பதித்துப் பதிவு செய்யும் புதிய முறையை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்த வரலாற்றை நாமறிவோம். வீட்டின் நிறம் அவ்வளவு பெரிய செய்தி இல்லைதான். ஆயினும் ஒரே அளவு, ஒரே கதவு, ஒரே வெள்ளை என்ற ஒழுங்கு யாருடைய வசதிக்காக அமைந்தது என்ற வினா அங்கும் எழுகிறது. பணி போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்த குடும்பம் சுவரில் ஆணி அடிக்கவும் தயங்கும். எங்கள் அப்பா தம் பணிக்காலம் முழுவதும் சாமி படங்களையும் அம்பேத்கர் படத்தையும் கதவுச் சட்டத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத்தில் நம் மக்கள் 'லயம்' என்கிறார்கள். நாம் 'லைன்' என்கிறோம். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் வழிவந்தவை. அங்கே பல தலைமுறைகளாக ஒரே லய அறையில் வாழ்ந்தும், தோட்ட நிர்வாகத்தின் இசைவின்றி அதை மாற்றியமைக்க இயலாத நிலை நீடித்து வந்துள்ளது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் போ-காப் என்னும் பகுதி உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் வரிசை வீடுகள் அவை. வாடகைக்கு இருந்த காலத்தில் வெள்ளை மட்டுமே பூச முடிந்தது என்றும், வீடு சொந்தமானதும் விரும்பிய வண்ணங்களைப் பூசினோம் என்றும் அம்மக்கள் சொல்கின்றனர். அப்பகுதியின் பல இடங்களை அந்நாடு 2019இல் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அங்கே அடர்நிறம் மரபாகலாம் என்றால், சாம்பியன் ரீப்ஸில் மட்டும் அது எப்படி ரசனைக்குறைவாகும்?

இவ்விடத்தில் என்னை நானே சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லா நிறங்களுக்கும் விடுதலைப் பொருள் கற்பிப்பது ஆய்வாளர்களுக்கு எளிதில் வரும் பிழை. எங்கள் வீட்டு நீலத்தை அம்மா எண்ணித் தேர்ந்தார். அந்நீலம் தங்கவயலில் எதைக் குறிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. கத்திரிப்பூ நிறத்தின் கதை வேறு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு அதிகாலை ரயிலேறும் ஆயிரக்கணக்கானோரில் என் தாய்மாமனும் ஒருவர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வண்ணம் பூசுவது அவர் தொழில். அங்கே யாரோ ஒருவரின் வரவேற்பறைக்கு வாங்கி எஞ்சிய இரண்டு டப்பாக்கள்தாம் எங்கள் உள்ளறைக்கு வந்தன. "வீணாப் போற பெயிண்டுதானேக்கா" என்றார் மாமா. எங்கள் வரிசையின் துணிச்சலான நிறங்களில் விருப்பமும் உண்டு, வறுமையின் சிக்கனமும் உண்டு, நகரத்தில் கற்றுவந்த கைத்திறனும் உண்டு. மூன்றையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை.

ஆகவே நிறத்தைப் பற்றி எனக்கு இப்போது மறுப்பில்லை. கட்டுமானத்தைப் பற்றி மறுப்புகள் உண்டு. அவை அழகைச் சார்ந்தவையல்ல, பாதுகாப்பைச் சார்ந்தவை. லைன் வீட்டின் பக்கச் சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. அதில் அலமாரிக்காகக் குழி பறிப்பதும், அதன்மேல் கான்கிரீட் மாடி எழுப்புவதும் அண்டை வீட்டாரின் கூரையையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். பாறை வெடிப்பின் அதிர்வுகளைத் தாங்கித் தாங்கி விரிசல் கண்ட சுவர்கள் இவை. சுரங்கங்களில் நீர் நிரம்பிய பின்னும் இங்கே நில அதிர்வுகள் பதிவாகியுள்ளன என்பதை மறந்துவிடலாகாது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டும் பளபளக்கும் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். காவித் தரையின்மேல் டைல்ஸ் ஒட்டினால் தரையின் ஈரம் சுவர்களை நோக்கித் திரும்பும். சுண்ணாம்புடன் நிறப்பொடி கலந்து பூசினாலும் நீலம் கிடைக்கும்; செலவும் குறைவு. இதை மாமாவிடம் பொங்கலுக்கு முன்பே சொல்லாதது என் குற்றம். பாரம்பரியம் பற்றி அம்மாவிடம் வாதிட்ட நேரத்தில் ஈரம் பற்றி அவரிடம் பேசியிருந்தால் வீட்டுக்குப் பயன்பட்டிருக்கும்.

வரிசைகளுக்குள் வரும் என் போன்றோருக்கும் ஒரு கடமை உண்டு. வண்ணம் பூசுவதைத் தடுக்கும் உரிமை நமக்கில்லை. பூசுவதற்கு முன் அளவெடுத்து, படமெடுத்து, அவ்வீட்டாரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பு இருக்கிறது. தண்டவாளத் துண்டு எந்தச் சுவரில் உத்தரமாக இருக்கிறது, தட்டிச் சுவர் எப்போது கல்லாயிற்று, எந்த அறையில் எத்தனை பேர் உறங்கினர் என்பனவற்றை எந்தக் கம்பெனிப் பதிவேடும் முழுமையாகச் சொல்லாது. இவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

இறுதியாக ஒன்று. மாமா முன்சுவரில் நீலம் பூசிக்கொண்டு கதவை நெருங்கியபோது அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கதவுக்கு மேலே கறுப்பு மையில் எழுதிய பழைய கம்பெனி எண் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெள்ளையை அப்படியே விடச் சொன்னார். கம்பெனியின் வெள்ளையை வெறுத்தவர் கம்பெனியின் எண்ணை மட்டும் காப்பாற்றியது ஏன் என்று நான் கேட்கவில்லை. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலையிலும் எங்கள் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கைக்கு வரவில்லை. அப்பாவின் பெயரையும் இந்த வீட்டையும் இணைக்கும் பழைய ஒதுக்கீட்டுத் தாளில் இருப்பது அந்த எண்தான்.

எனவே, எங்கள் சுவரின் நிறம் குறித்து வருந்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். லைன் வீடுகளைக் காக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறையை முதலில் அங்கே குடியிருப்போரின் பத்திரத்துக்காகச் செலவிடுங்கள். அது கைக்கு வரும் நாளில், அந்த ஒரு சாண் வெள்ளைக்கு எந்த நிறம் பூசுவது என்பதை அம்மா முடிவு செய்துகொள்வார்.