கையுறை யாருக்கு?

புற்றுநோய் வார்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் 'சேவை', 'தொண்டு', 'கருணை' என்றே எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொற்கள் மேலேயே சந்தேகம். சாவுக்குப் பறையடித்ததும் செத்த மாட்டை இழுத்துப் போட்டதும் ஏன் முறையான கூலி இல்லாத வேலையாயின? ஊருக்குச் செய்கிற ஊழியம் என்று பேர் வைத்ததால்தானே! கூலி கொடுக்க மனசில்லாதவன் கண்டுபிடித்த சொல்தான் சேவை.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அகப்பாட்டில் செவிலிக்குப் பேச இடமுண்டு. அடியோரையும் வினைவலரையுமோ தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. இன்றைய வார்டும் அந்த இலக்கணப்படிதான் நடக்கிறது. செவிலியருக்கு மே 12 என்று ஒரு தினமாவது உண்டு. பெட்பேன் எடுக்கிறவளுக்குப் பேரே கிடையாது. 'ஏ ஆயா', அவ்வளவுதான்.

செவிலியர் மட்டும் சுகமாக இருக்கிறார்களா? 2015-இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்தார்கள். அதைக் கேட்டுத்தான் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 'தேவதைகள்' என்று கைதட்டியது எந்த வாய்க்கு அரிசி போட்டது? ஆனால் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இங்கேதான் வேலை செய்கிறது. மிதிபட்டவருக்கும் மிதிக்க இன்னொருவர் கிடைக்கிறார்.

கீமோ மருந்து புற்றணுவைக் கொல்லும். நல்ல அணுவையும் விடாது. உடம்பில் ஏறிய மருந்து நோயாளியின் மூத்திரத்திலும் மலத்திலும் வாந்தியிலும் இரண்டு நாள்வரை வெளியேறும். சில மருந்துகளுக்கு இன்னும் அதிக நாளாகும். தோலில் படக் கூடாது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் கிட்டேயே போகக் கூடாது. மருந்து கலக்கிறவருக்குத் தனிப்பெட்டி, இரட்டைக் கையுறை, மேலங்கி வேண்டும் என்பது இதனால்தான். பாட்டிலில் இருக்கும்போது அது விஷம். மூத்திரமாய் வாளியில் விழுந்த பிறகு விஷம் இல்லையா?

சின்னம்மாவுக்குத் துணையாக ஒரு வார்டில் இருந்தபோது — ஊர் பேர் வேண்டாம் — துப்புரவு அம்மாவிடம் கையுறை எங்கே என்று கேட்டேன். "அது நர்ஸம்மாவுக்குப்பா. நம்ம கை எல்லாத்துக்கும் பழகுன கைதானே" என்றது அந்த அம்மா. பழகின கை! இரண்டாயிரம் வருசம் மலமள்ள வைத்துவிட்டு, அதையே ஒரு தகுதிபோலப் பேச வைத்திருக்கிறது சாதி. எந்தக் கையும் புற்றுமருந்துக்குப் பழகாது தோழர்களே!

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைத் தொடுகிற எல்லாருக்கும் பாதுகாப்புக் கவசம், பயிற்சி, ஆண்டுக்கொருமுறை உடல் பரிசோதனை என்கின்றன. ஒப்பந்தக்காரனிடம் தள்ளிவிட்டவளும் அந்த 'எல்லாரில்' சேர்த்திதான். யார் கேட்பது?

எங்கள் சேரப்பணஞ்சேரியிலிருந்து விடியுமுன்னே ஒரகடம் கம்பெனிகளுக்கு வேன் ஏறுகிற பெண்களைப் பாருங்கள். ஒரு நாள் லீவு போட்டால் கூலி போச்சு. வெள்ளைப்பாட்டையும் ரத்தப்போக்கையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு லைனில் நிற்கிறார்கள். புற்றுநோய் வந்தால் பாதிக்கு மேல் சம்பளத்தை, அதாவது 80 சதவீதத்தை, இரண்டு ஆண்டுவரை கொடுக்க இ.எஸ்.ஐ.யில் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு தொடர்வேலை கேட்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி வேலைக்கு எடுக்கிற ஒப்பந்தத்தில் தொடர்ச்சிக்கு எங்கே போவாள்?

அவளைக் காப்பாற்ற வழி தெரியாமலில்லை. 2000-இல் தொடங்கித் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அந்தக் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு, சோதனை நடக்காத கிராமங்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கோடி ரூபாய் எந்திரம் இல்லை. ஒரு செவிலியர், ஒரு விளக்கு, கொஞ்சம் அமிலம்.

ஆகவே கருணை வேண்டாம். கம்பெனி வாசலுக்கே செவிலியரை அனுப்பு, சோதனை நாளுக்குச் சம்பளம் கொடு. புற்றுநோய்ச் செவிலியத்தைத் தனிப்பயிற்சியும் நிரந்தரப் பணியிடமும் உள்ள வேலையாக்கு. துப்புரவுத் தொழிலாளியை ஒப்பந்தக்காரனிடமிருந்து மீட்டு, மருத்துவக் குழுவில் ஓர் ஆளாக எழுது. அண்ணா 1969-இல் இறந்தது இந்த நோயில்தான். காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர். தலைவர் பெயரைச் சுவரில் எழுதத் தெரிந்த அரசுக்கு, வாளி தூக்குகிறவள் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் எழுத என்ன தடை?