பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன், ஒரு பென்டிரைவ் செருகிப் பாருங்கள்!

பீரோ மேல் துணி சுற்றி வைத்த பழைய லேப்டாப் பல வீடுகளில் இருக்கிறது. திரையில் கீறல் இல்லை, கீபோர்டும் நன்றாக இருக்கிறது. ஆனால், ஆன் செய்து டெஸ்க்டாப் வருவதற்குள் குக்கரில் நாலு விசில் வந்துவிடும். போதாக்குறைக்கு, 'இனி அப்டேட் வராது' என்ற அறிவிப்பு வேறு. கடையில் கேட்டால், "புதுசு வாங்கிடுங்க சார்" என்பார்கள். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வீட்டு கரன்ட் பில்லுக்கும் பல ஆயிரம் ரூபாய் போட்டுப் புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

பல வீடுகளில் வேண்டியதில்லை. செலவே இல்லாமல் முயன்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்?

கீபோர்டு, திரை, மெமரி என எல்லாவற்றையும் சேர்த்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் அப்படிப்பட்ட ஒன்று. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் கொஞ்ச காலம் கூடுதலாகக் கிடைக்கும்.

அதற்காக லேப்டாப் உடனே நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. அதில் நெட்பேங்கிங் செய்வது, பூட்டு கெட்ட வீட்டில் நகையை வைப்பது போலத்தான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்கள் பலவும் இங்கேதான் தட்டிப்போகின்றன.

லினக்ஸ் அந்நியமானதா?

1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது லினக்ஸ். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில், விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். மார்கழியில் எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்து, புள்ளி எண்ணி, நம் வாசலில் போட்டு, ஓரத்தில் இரண்டு தாமரையும் சேர்ப்பதில்லையா? அதுபோல இந்த மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் தரலாம். பெரும்பாலும் காசும் இல்லை.

எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம்

லினக்ஸில் உபுண்டு, டெபியன், ஃபெடோரா எனப் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. மெனு இடது கீழ் மூலையிலேயே இருக்கும். 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் நல்லது.

1. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக இருக்கட்டும்.

2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும். பழைய லேப்டாப்புக்கு 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு இலகுவானது.

3. அதை வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. 'ரூஃபஸ்' அல்லது 'பலேனா எட்சர்' என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள்.

4. லேப்டாப்பை ஆஃப் செய்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

சில நிமிடங்களில் மின்ட் திறக்கும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும். இதில் சேமிப்பவை ஆஃப் செய்ததும் போய்விடும். பிடிக்கவில்லையா? ஆஃப் செய்து பென்டிரைவை உருவிவிடுங்கள். விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானை இப்போது தொட வேண்டாம்.

யாருக்கு ஒத்துவராது?

டேலி, போட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இல்லாமல் வேலை ஓடாது என்பவர்கள் அவசரப்பட வேண்டாம். இவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. வேர்டு, எக்ஸெல் ஃபைல்களை லிப்ரேஆபீஸில் திறந்து திருத்தலாம், ஆனால் சில நேரம் வரிகளும் கட்டங்களும் இடம் மாறும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அது வேலை செய்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

இணையம், யூடியூப், வீடியோ கால், கடிதம் டைப் செய்வது, பிள்ளைகளின் படிப்பு ஆகியவைதான் தேவை என்றால் கவலையில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உடனே தயாராக இருக்கும். கீபோர்டு அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துத் தமிழில் டைப் செய்யலாம். மேலும் கற்க, 'கணியம்' தளத்தில் கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்ஸ்டால் செய்யும் முன்...

ஒரு வாரம் பென்டிரைவில் ஓட்டிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சரிப்பட்டால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்கு முன் கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டுடிஸ்க்கில் காப்பி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'இரேஸ் டிஸ்க்' என்று ஒரு வழி கேட்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் உள்ள அத்தனையும் போய்விடும். லினக்ஸை இன்னொரு முறை டவுன்லோடு செய்துகொள்ளலாம், தாத்தாவின் போட்டோவை முடியாது!