பரிமாறியவரின் கூலி

வாட்டிய மாட்டிறைச்சி பரிமாறும் சங்கிலித்தொடர் உணவகங்களில் அமெரிக்கக் குடும்பங்கள் கூடி மகிழ்கின்றன. 1988இல் புளோரிடாவின் டம்பா நகரில் தொடங்கிய ‘அவுட்பேக்’ அவற்றுள் ஒன்று. ஆனால், அன்பளிப்புப் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாக வழங்கவேண்டிய ஆகக்குறைந்த மணிக்கூலியை அந்நாட்டு மத்திய சட்டம் 1991 முதல் 2.13 டொலராகவே வைத்துள்ளது. பல மாநிலங்கள் அதனை உயர்த்தியுள்ளன. ஏனையவற்றில் உண்பவரின் அன்பளிப்பையே ஊழியர் நம்பியிருக்கிறார்.

அங்கு வாழும் உங்கள் உறவினருக்குச் சொல்லுங்கள்: உணவுக்கு முன் இறைவனுக்கு நன்றி கூறும் நாம், உணவுக்குப் பின் பரிமாறிய கரங்களை மறத்தல் தகுமா? அந்த அன்பளிப்பு நமது தாராளமன்று. அவரது கூலியின் ஒரு பகுதி. உழைப்பின் ஊதியத்தை உண்பவரின் மனநிலைக்கு விட்டுவிடும் சட்டம் நீதியானதன்று. அது மாறும்வரை, அவரது பங்கை வைத்துவிட்டே மேசையிலிருந்து எழுவோம்.