காதை மூடிக் கேட்பவன் ரசிகன் இல்லையோ?

போன கிழமை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அண்ணை ஒருவரைச் சந்தித்தேன். சங்கீதத்தில் ஊறிய மனிசன். சொந்த வீடு, நிலவறை முழுக்க ஸ்பீக்கர். ஹெட்போன் வாங்கப் போறன், மூடின வகைதான் பார்க்கிறன் என்று சொன்னதும் முகத்தைச் சுழித்தார்.

"தம்பி, சாஸ்திரீய சங்கீதத்துக்குத் திறந்த வகைதான் சரி. மூடினது டும் டும் எண்டு கேக்கிற பெடியளுக்கு."

ஸ்ருட்காட்டில் கடைக்காரன் ஒருவனும் இதே பல்லவியைத்தான் பாடினான். எனக்கு வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

அண்ணை சொன்னதில் பாதி உண்மை. திறந்த வகையில் கிண்ணத்தின் பின்பக்கம் வலைபோல இருக்கும். ஒலி உள்ளே அடைபடாமல் வெளியே போவதால் கச்சேரி விரிந்து கேட்கும். 1997 இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள் என்றால் அது சும்மா இல்லை. ஆனால் வெளியே போகிற அந்தச் சத்தம் எங்கே போகிறது? பக்கத்தில் படுத்திருப்பவரின் காதுக்குத்தானே!

1991. அகதிமுகாமில் நாலு பேருக்கு ஒரு அறை. என்னிடம் ஒரு வோக்மன், அதோடு வந்த பஞ்சு ஒட்டிய ஹெட்போன். அதுவும் திறந்த வகைதான். ஒரு இரவு தட்சணாமூர்த்தியின் தவில் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்ற நினைப்பு. மேல்கட்டிலில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அதை நிப்பாட்டுறியே?" அன்று பின்னேரம்தான் அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். தம்பியார் செத்துப்போன செய்தி. அவர் அழுதுகொண்டு கிடக்க, என் தவில் அவரது காதுக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், திறந்த வகைதான் சரி என்பது தனியறை உள்ளவர்களின் அறிவுரை. இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாத மாடிக்குடியிருப்பில், இரவுவேலை முடித்து மனுசி நித்திரை கொள்ள, பக்கத்தில் இருந்து பாட்டுக் கேட்கிறவன் என்ன செய்வான்?

சரி, எதை வாங்குவது? விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 2017 இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் ஒலிச்சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை. 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று எழுதியிருந்தால் தள்ளி வையுங்கள். அதில் மிருதங்கத்தின் தொப்பி வீங்கிப் பாட்டுக்காரரை விழுங்கிவிடும்.

மூடிய வகையில் முக்கியமானது காதுமெத்தை இடைவெளியில்லாமல் பொருந்துவது. காற்றுப் போக வழியிருந்தால் அடிச்சுரம் ஓடிவிடும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரன் போடுகிற பாட்டில் கேட்காதீர்கள், உங்கள் பாட்டைக் கொண்டுபோங்கள். தம்பூராவின் ரீங்காரம் அறுபடாமல் நிற்கிறதா? வலந்தலையும் தொப்பியும் பிரிந்து கேட்கிறதா? பாக்கின் தனிச் செல்லோ பெட்டிக்குள் வாசிப்பதுபோல இருக்கிறதா? பிறகு இளையராஜாவின் பாஸ் கித்தார், ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசை. எல்லாவற்றிலும் தேறினால் வாங்குங்கள்.

ஹைல்புரோன் கொம்பனியான பேயர்டைனமிக்கின் டிடி 770 புரோவில் மெத்தை மென்மை, கழற்றி மாற்றலாம். அளவீடுகளில் 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரியும். பழைய, இரையும் ஒலிப்பதிவுகளுக்கு அது கூர்மை. 250 ஓம் வகைக்கு அம்பிளிபயர் வைப்பது நல்லது, கைத்தொலைபேசிக்கு 32 அல்லது 80 போதும். நான் முகாமில் கிடந்த அதே 1991 இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஒலிப்பதிவுக்காரர்களின் தலையில் இருக்கிறது. 2019 இல் வந்த ஏகேஜி கே371, பலரைக் கேட்க வைத்துப் பரிசோதித்து வகுத்த ஹார்மன் அளவுகோலை ஒட்டிச் செய்தது. பலவகைப் பாட்டும் கேட்பவருக்குப் பொருந்தும்.

இன்னொன்று. ரெயினில் திறந்த வகையோடு போனால் இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டுவீர்கள். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடிய வகை வெளிச்சத்தத்தைக் குறைப்பதால் மெதுவாகவே கேட்கலாம்.

அண்ணைக்கு நிலவறை இருக்கிறது, நல்லாக் கேட்கட்டும். எங்களை ரசிகர் பட்டியலிலிருந்து வெட்ட அவருக்கு உரிமையில்லை. பக்கத்தில் இருப்பவரின் நித்திரையையும் துக்கத்தையும் கலைக்காமல் கேட்பதும் ரசனைதான். அதை நான் படித்தது எந்தக் கச்சேரியிலும் இல்லை, அந்த மேல்கட்டில்காரரிடம்.

மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கோ. திட்டுவதென்றாலும் திட்டுங்கோ, ஆனால் மெதுவாக. மனுசி நித்திரை.