தொட்டியில் வாடும் கோணல் புளி: போன்சாயாகப் பிழைக்குமா?

கேள்வி: "என் மாமனார் 18 வருடங்களுக்கு முன்பு, களத்து ஓரமாகக் கிடந்த சிமென்ட் தொட்டியில் ஒரு புளியங்கொட்டையை ஊன்றினார். வருஷா வருஷம் நுனியைக் கொய்துவிடுவார். அதனால் மரம் இப்போதும் மூன்றரை அடிதான். அடிப்பகுதி மணிக்கட்டுப் பருமன் இருக்கும். ஒரு சாண் மேலே வந்ததும் படுத்த மாதிரி பக்கவாட்டில் போய், அப்புறம் நிமிர்ந்திருக்கிறது. சின்னக் கன்றாக இருந்தபோது ஆடு கடித்ததால் அப்படி ஆனதாம். போன ஆவணியில் மாமனார் தவறிவிட்டார். அதிலிருந்து மரமும் வாடுகிறது. ஒரு பக்கக் கிளை முழுக்கக் காய்ந்துவிட்டது. எனக்குத் திருமணமாகி நான்கு வருடங்களாகக் குழந்தை இல்லை. வீட்டில் கோணல் புளி நிற்பதுதான் காரணம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மாமியார் எதுவும் பேசுவதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் அதற்கு ஊற்றுகிறார். இதைப் போன்சாயாக மாற்றிக் காப்பாற்ற முடியுமா? தொட்டியில் ஒரு மரம் எத்தனை காலம் இருக்கும்?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பதில்: காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஆனால், மரம் ஏன் வாடியது என்று முதலில் தெரிய வேண்டும். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் வாசகி ஒரு வரி எழுதியிருக்கிறார். மாமனார் இறந்த அன்று பந்தல் போடுவதற்காக, நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பித் தொட்டியை நகர்த்தினார்களாம். மரத்தின் நோய் அந்த வரியில்தான் இருக்கிறது.

புளிக்கு ஆணிவேர் உண்டு. மண் தரையில் 18 வருடங்கள் அசையாமல் இருந்த தொட்டி என்றால், அடித்துளை வழியாக வேர் வெளியே வந்து நிலத்துக்குள் இறங்கியிருக்கும். பார்வைக்குத் தொட்டிச் செடி. உண்மையில் அது களத்து மண்ணில் நீர் குடித்து வளர்ந்த மரம். தொட்டியை நெம்பியபோது அந்த வேர் அறுந்துவிட்டது. உள்ளே சுருண்டு கிடக்கும் வேர்களால் மரம் முழுமைக்கும் நீர் கொடுக்க முடியவில்லை. அதனால் ஒரு பக்கக் கிளை காய்ந்துவிட்டது. அறுந்த வேர் துளையை அடைத்திருந்தால், ஊற்றுகிற தண்ணீரும் அடியில் தேங்கியிருக்கும். பாத்திரத் தண்ணீரில் இருக்கும் சோப்பும் உப்பும் சேர்ந்தால், நொந்த வேர் எப்படித் தாங்கும்? தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புதான்.

மாமியாரிடம் "இனிமேல் ஊற்றாதீர்கள்" என்று சொல்ல வேண்டாம். மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு குடத்தில் தனியாக வைத்து, மரத்துக்கு இது என்று அவரிடமே கொடுத்துவிடலாம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றினால் போதும்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. கிளை நுனியில் தொடங்கி அடிமரம் வரை இப்படிப் பார்த்துக்கொண்டே வந்து, பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு நூலைக் கட்டி வைக்கலாம். காய்ந்த கிளையை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

இப்போதைக்குத் தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளையைக் குத்தித் திறந்துவிட்டால் போதும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடியில் வடியும்படி இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு இறங்கும். உரம் எதுவும் கூடாது. காலை வெயில் படுகிற இடம் நல்லது. புளிக்கு வெயில் தேவை. போன்சாய் என்று சொல்லி வாங்கிவந்து, டி.வி. பக்கத்தில் வைத்தே சாகடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

கோடை மழை பெய்து, துளிர் முட்டத் தொடங்கும்போது தொட்டி மாற்றலாம். 18 வருட வேர் தொட்டியோடு பிடித்திருக்கும். இழுத்தால் மிச்ச வேரும் போய்விடும். சுத்தியலால் தொட்டியைத்தான் உடைக்க வேண்டும். கறுத்து, கொழகொழவென்று நாற்றமடிக்கிற வேரையும், அடியில் வளையம் வளையமாகச் சுருண்ட தடித்த வேரையும் நறுக்கிவிடலாம். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நூல் போன்ற சல்லிவேர்தான் தண்ணீரை உறிஞ்சும். அதைக் காய விடாமல் ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு. ஆற்று மணலுக்கு அலைய வேண்டியதில்லை. செங்கலை உடைத்துச் சலித்து, தூளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். தூள் தங்கினால் மண் இறுகி, மறுபடியும் நீர் தேங்கும். தட்டையான போன்சாய் தட்டுக்கு இப்போது போக வேண்டாம். அடியில் துளையிட்ட அகலமான மண்தொட்டி போதும். நட்ட பிறகு மரம் ஆடாதபடி, தொட்டியோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். காற்றில் ஆடினால் புது வேர் முறிந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரம் நிழல். பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குக் கொண்டுவரலாம்.

தொட்டி மாற்றும் அன்றே உருவத்துக்கான முக்கிய வேலையும் முடிந்துவிடும். கத்தியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். நடும்போது மரத்தைச் சாய்க்கும் கோணத்தை மாற்றினால் போதும். பக்கவாட்டில் போகும் தண்டு தொட்டி விளிம்பைத் தாண்டி நீண்டு, பிறகு நிமிரும்படி சாய்த்து நட்டால், மலைச்சரிவில் காற்றுக்கு வளைந்து நிற்கும் மரம்போல ஆகிவிடும். இப்படிச் சாய்ந்த வடிவத்துக்காகவே நேரான கன்றுகளைக் கம்பி சுற்றி வருடக்கணக்கில் வளைக்கிறார்கள். இங்கே அந்த வேலையை ஓர் ஆடு செய்து முடித்துவிட்டது.

காய்ந்த கிளையில் ஒரு சாண் மட்டும் விட்டு, பட்டையை உரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். வெயிலில் அது வெளுத்து எலும்பு போல நிற்கும். ஜப்பான்காரர்கள் இதை 'ஜின்' என்கிறார்கள். முதிர்ந்த தோற்றம் தருவதற்காக, உயிருள்ள கிளையையே உரித்து இப்படிச் செய்வதும் உண்டு.

கம்பி கட்டும் வேலை அடுத்த வருடத்துக்குத்தான். நொந்த மரத்தை வளைத்தால் தாங்காது. புளியின் முதிர்ந்த கிளை படக்கென்று முறியும். பச்சையாக இருக்கும் இளங்கிளைதான் வளையும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் கிளை சீக்கிரம் பருக்கும். அதனால் மாதம் ஒருமுறையாவது பார்த்து, கம்பி பட்டையைக் கடிப்பதற்கு முன் வெட்டி எடுத்துவிட வேண்டும். சுற்றிய கம்பியை அவிழ்க்கப் போனால் கிளை ஒடியும். துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் கொய்து வந்தால், கிளை நெருங்கி, இலையும் சிறுக்கும்.

இலை முற்றிய பிறகு, கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைசல் கலந்து, மாலையில் தெளித்தால் போதும்.

தொட்டியில் மரம் எத்தனை காலம் இருக்கும் என்பதற்கு ஒரு மரத்தைச் சொல்லலாம். ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் ஒரு வெள்ளைப் பைன் மரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்த்தது. 1625-லிருந்து வளர்வதாகச் சொல்லப்படும் மரம் அது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது, அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், வீட்டு மதில் மறைவில் நின்று தப்பியது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய மரப் பூங்காவில் இருக்கிறது. பையன், பேரன் என்று யாராவது ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியதால் நிற்கிற மரம்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். புளிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான்கு வருடங்கள் காத்திருந்தது அதிகம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவி மட்டும் போனால் பாதிப் பரிசோதனைதான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இதற்கான ஆலோசனையைத் தொடங்கலாம். கடப்பாரை போட்டு நெம்பிய கதையைக் கணவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. அப்பாவோடு சேர்ந்து மரமும் போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

புளி தேறுகிறதா என்று பார்க்க ஓர் அடையாளம் உண்டு. நல்ல புளியின் இலைகள் பகலில் விரிந்து, பொழுது சாய்ந்ததும் மடியும். பகலிலேயே சோர்ந்து மடிந்திருந்தால் வேரில் இன்னும் கோளாறு இருக்கிறது என்று பொருள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது மாமியாரே இதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.