வென்றால்தான் கூலி

அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்கு நடத்தும் சட்ட நிறுவனங்கள் இரண்டு ரகம். கம்பெனிகளுக்காகவும் காப்பீட்டு நிறுவனங்களுக்காகவும் ஆஜராகும் பிரதிவாதித் தரப்பு நிறுவனங்களில் பல, நூற்றுக்கணக்கான வக்கீல்களை வைத்திருப்பவை. ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்காக நேரத்தை எழுதிவைத்துப் பில் போடுவார்கள். வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் பில்லுக்குப் பணம் வந்துவிடும். வாதித் தரப்பு நிறுவனங்களோ பெரும்பாலும் சிறியவை. காயம்பட்டவரிடம் முன்பணம் வாங்குவதில்லை; நிபுணர் சாட்சிக்கும் ஆவணங்களுக்கும் ஆகும் செலவையும் தாங்களே போடுவார்கள். ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. மற்ற வேறுபாடுகளெல்லாம் இந்தக் கூலிக் கணக்கிலிருந்தே வருகின்றன. வழக்கு இழுபட்டால் ஒரு தரப்புக்குப் பில் நீளும், மறு தரப்புக்குக் கடன் ஏறும். அதனால்தான் வாதித் தரப்பு நிறுவனம் வாசலுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்புகிறது. எடுத்த வழக்கையும் தீர்ப்புவரை கொண்டுபோகாமல் சமரசத்தில் முடிக்கப் பார்க்கிறது.

ஏழைக்கு வாதாடுபவர் நல்லவர், கம்பெனிக்கு வாதாடுபவர் கெட்டவர் என்று சினிமா சொல்லும். ராபர்ட் பிலாட்டின் கதை அதற்கு ஒத்துவரவில்லை. ஒஹாயோவில் ரசாயனக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்தில் இருந்தவர் அவர். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு விவசாயியின் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, டுபான்ட் கம்பெனி மீது 1999இல் வழக்குப் போட்டார். கம்பெனிகள் எந்தக் கோப்பில் எதை எழுதிவைக்கும் என்பது அவருக்கு அத்துபடி; அந்தப் பழைய அனுபவமே புதிய தரப்பில் ஆயுதமாயிற்று. அதைத் தொடர்ந்து அதே கம்பெனி மீது, குடிநீரில் கலந்த ரசாயனத்தால் நோயுற்ற சுமார் 3,550 பேரின் வழக்குகள் 2017இல் 67 கோடி டாலருக்குச் சமரசமாயின. ஆள் மாறவில்லை, பில் கட்டுபவர்தான் மாறினார்.

இந்தியாவில் இந்த இரண்டாவது ரகத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்கின்றன பார் கவுன்சில் விதிகள். நடைமுறை வேறு. தெலங்கானாவில் கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம், இழப்பீட்டில் சதவீதக் கணக்குப் போட்டு ஃபீஸ் வாங்கிய வக்கீல், மேலும் பணத்துக்குக் காசோலை எழுதி வாங்கி, அது திரும்பியதும் அவர் மீதே வழக்குத் தொடுத்தார். சதவீத ஃபீஸ் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்துசெய்தது. தீர்ப்பு சரி. ஆனால், விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிர்ப்பக்கம் காப்பீட்டு நிறுவனத்தின் பேனல் வக்கீல் நிற்கும்போது, கையில் காசில்லாத விதவை வேறு எப்படித்தான் ஒரு நல்ல வக்கீலை அமர்த்துவார்? இலவச சட்ட உதவி இருக்கிறது. நிபுணரை அழைத்து வருடக்கணக்கில் மல்லுக்கட்ட அது போதாது. தடை இருப்பதால் பேரம் நிற்கவில்லை, ரசீதுதான் நின்றுபோயிற்று. வக்கீல் அல்லாதவர் வழக்குக்குப் பணம் போட்டுப் பிறகு திரும்பப் பெறத் தடையேதும் தெரியவில்லை என்று அதே நீதிமன்றம் 2018இல் சொன்னது இன்னும் வேடிக்கை.

பங்கு கொடுத்தால் பொய் வழக்குகள் பெருகும் என்பார்கள். தோற்றால் கைக்காசு போகும் என்று தெரிந்தவர் சொத்தை வழக்கை ஏன் எடுக்கப்போகிறார்? மணிக்கணக்கில் வாங்குபவருக்குத்தான் அந்தக் கவலை இல்லை. பிணந்தின்னிகள் படையெடுப்பார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் வந்திறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு, 1985இல் சட்டம் போட்டு வாதியின் இடத்தில் அரசே உட்கார்ந்தது. 300 கோடி டாலருக்கு மேல் கேட்டது, 1989இல் 47 கோடிக்கு ஒப்புக்கொண்டது. பங்குக்கு வாதாடியவர்களும் அவசரப்பட்டு முடித்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தொகை குறைந்தால் தன் பைக்கும் நட்டம் என்று பதறும் ஒரு வக்கீல்கூட அந்த மேசையில் இல்லை. பேராசைக்குக் கடிவாளம் போட முடியும்: அமெரிக்க அரசு மீதான இழப்பீட்டு வழக்குகளில் வக்கீலின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கேயே சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம், பங்குக்கு உச்சவரம்பு, இழப்பீடு நேரே கட்சிக்காரரின் வங்கிக் கணக்குக்கு என்று மூன்று நிபந்தனைகளோடு, விபத்து வழக்குகளுக்கு மட்டுமாவது பார் கவுன்சில் தன் விதியைத் திருத்த வேண்டும்.