5,000 ரூபாய் வந்தது... மீதிச் செலவு யார் தலையில்? ஏம்பலம் பகுதியின் வெள்ளக் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டித் தீர்த்தது. வீடூர் அணை திறந்ததும் சங்கராபரணி பெருகி வில்லியனூர் பக்கம் தண்ணீர் புகுந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கமும் மூழ்கியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஏம்பலம், நெல்லையும் மாட்டையும் நம்பி இருக்கும் பகுதி. இங்கே வெள்ளச் செலவு என்பது வீட்டுச் செலவு மட்டுமல்ல, தொழில் முதலும் சேர்ந்ததுதான்.

அரசு என்ன கொடுத்தது?

முதல்வர் ரங்கசாமி அறிவித்தது இது: எல்லா ரேஷன் அட்டைகளுக்கும் தலா 5,000 ரூபாய், பயிர் இழப்புக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய், இறந்த மாட்டுக்கு 40,000 ரூபாய். வேகமாக வந்த அறிவிப்பு. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு போட்டுப் பாருங்க. ஹெக்டேருக்கு 30,000 என்றால் ஏக்கருக்கு சுமார் 12,000. ஒரு ஏக்கரில் 75 கிலோ மூட்டை 25 விளையும் என்று வைத்தால், 2024-25-ன் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,300 ரூபாயில் அது 43,000 ரூபாய். கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குத்தகைக்கு உழுபவர் என்றால் இன்னும் சிக்கல். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், நட்டம் இன்னொருவருக்கு.

டெல்லி எவ்வளவு தந்தது?

புதுச்சேரி கேட்டது 600 கோடி ரூபாய்க்கும் மேல். 2025 ஏப்ரல் 5-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில் புதுச்சேரிக்கு ஒப்புதலானது 33.06 கோடி. நூறு ரூபாய் கேட்ட இடத்தில் ஆறு ரூபாய்கூட இல்லை.

ஏன் இவ்வளவு இடைவெளி? மத்திய விதிகள் பார்ப்பது நிவாரணத்தைத்தான், இழப்பீட்டை அல்ல. பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போயிருந்தால், 2 ஹெக்டேர் வரைதான். வீட்டில் பாத்திரம் பண்டம் போனால் குடும்பத்துக்கு 2,500 ரூபாய். இதற்கு மேல் கொடுப்பது எல்லாம் உள்ளூர் கஜானாவின் பொறுப்பு. மாநிலங்களுக்கு நிதிக்குழு பரிந்துரைப்படி ஆண்டுதோறும் பேரிடர் நிதி வருகிறது. யூனியன் பிரதேசமான புதுச்சேரி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சரி, மிச்சத்தை யார் கட்டுறது?

வேறு யார், அந்தந்த வீடுதான். பிரிட்ஜ், கிரைண்டர், மெத்தை, பைக், பிள்ளைகளின் புத்தகம், மறுபடியும் விதைநெல், உரம். கையில் சேமிப்பு இல்லாத வீடு நகையை அடகு வைக்கும், இல்லையென்றால் குழுக் கடன் எடுக்கும். ஒரு லட்சம் அடகு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,000 ரூபாய். அரசு தந்த 5,000 ரூபாய் ஐந்து மாத வட்டிக்குத்தான் சரியாகும். அசல் அப்படியே நிற்கும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

விவரம் தெரிந்தால் கொடுக்கும். பைக், காருக்கு வெறும் 'தேர்ட் பார்ட்டி' பாலிசி இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், கூடுதல் என்ஜின் பாதுகாப்பு எடுக்காதவருக்குச் சிக்கல்தான். தள்ளிக்கொண்டு போவதே லாபம்.

நெல் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில், தனி வயல் மூழ்கியதற்கான இழப்பீட்டிலிருந்து நெல் 2018-ல் நீக்கப்பட்டிருந்தது. ஃபெஞ்சல் வந்தபோதும் அதே நிலைதான். 2026 காரிஃப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. நிபந்தனை: 72 மணி நேரத்துக்குள் இடக்குறியீட்டுடன் கூடிய புகைப்படத்தோடு செயலியில் பதிவு செய்ய வேண்டும். முழங்கால் தண்ணீரில், கரன்ட் இல்லாத ஊரில் இதை அப்பா அம்மா தனியாகச் செய்வது கஷ்டம். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் முன்கூட்டியே செயலியை அவர்கள் போனில் ஏற்றிப் பழக்கிவிடலாம்.

என்ன மாற வேண்டும்?

ஒரு சொட்டு தண்ணீர் புகாத மாடி வீட்டுக்கும், அடுப்பே மூழ்கிய வீட்டுக்கும் அதே 5,000. புதுச்சேரியில் சுமார் 3.5 லட்சம் அட்டைகள். மொத்தச் செலவு 175 கோடி ரூபாய் அளவுக்கு வரும். முதல் வாரம் எல்லோருக்கும் சிறு தொகை, ஒரு மாதத்துக்குள் சேதத்தை அளந்து மூழ்கிய வீட்டுக்கும் வயலுக்கும் பெரிய தொகை என்று பிரித்திருந்தால், அதே பணம் தேவையான இடத்துக்குப் போயிருக்கும். குத்தகை விவசாயியின் பெயரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

கூடவே, ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மனு எழுதிக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் உறுதியாக வரும் பேரிடர் நிதியையும் புதுச்சேரி கேட்டுப் பெற வேண்டும். அதுவரை அடுத்த வெள்ளத்துக்கும் முதலில் பணம் கட்டப்போவது அடகுக் கடை வாசலில் நிற்கும் குடும்பம்தான்.